அப்கிரேடு செய்யுமுன் பழைய பாடல்களையும் நினையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புது வெர்ஷன் வந்தவுடன் அப்டேட் செய்துவிட வேண்டும், தள்ளிப்போடுவது ஆபத்து என்று உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். வங்கிச் செயலி, பிரவுசர், மின்னஞ்சல் இவற்றுக்கெல்லாம் அது சரியான அறிவுரை. என் வீட்டில் உள்ளவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் பாட்டு உருவாக்கும் சாஃப்ட்வேருக்கு அது அப்படியே பொருந்தாது. ரெக்கார்டிங்கும் மிக்ஸிங்கும் தொழிலாகக் கொண்டவன் நான். ஒரு அப்கிரேடு பட்டனை அழுத்தியதால் பல வருட உழைப்பு ஊமையாகிப் போனதை எங்கள் தொழிலில் எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்கள். அதனால்தான் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். இன்று பெரும்பாலான பாடல்களில் கேட்கும் வயலின் கூட்டம், ஆர்கன், டிரம்ஸ், எதிரொலி ஆகியவற்றில் பெரும்பகுதி பிளக்இன் எனப்படும் சின்னச் சின்ன சாஃப்ட்வேர்களிலிருந்து வருகிறது. முக்கிய சாஃப்ட்வேரை ஒரு நிறுவனம் தயாரிக்கும். அதற்குள் பொருத்தும் பிளக்இன்களை வேறு பல நிறுவனங்களும் தனி மனிதர்களும் தயாரிப்பார்கள். பாட்டைச் சேமிக்கும்போது பாடகர் குரல், மைக் வைத்து எடுத்த வாத்தியம் போன்றவை ஒலியாகவே ஹார்ட் டிஸ்க்கில் பதிவாகும். பிளக்இனில் வாசித்தவை அப்படிப் பதிவாவதில்லை. எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு அழுத்தத்தில் என்ற குறிப்பு மட்டும் இருக்கும். பிளக்இனில் நாம் திருகி வைத்த அமைப்புகள் ஒரு பொட்டலமாக அந்த ஃபைலுக்குள் போய் உட்காரும். அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் படிக்க அதே பிளக்இனால் மட்டுமே முடியும். பிளக்இன் இல்லாமல் போனால், வாத்தியக்காரர் வராத கச்சேரியில் நொட்டேஷன் தாள் மட்டும் கிடப்பது போலத்தான்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பாடகிக்காக ஒரு பாடல் மிக்ஸ் செய்து கொடுத்திருந்தேன். அண்மையில் அவர் வந்து, மேடையில் பாடுவதற்கு அதே பாட்டு அரைக்கட்டை இறக்கி, குரல் இல்லாமல் வேண்டும் என்று கேட்டார். இடைப்பட்ட காலத்தில் என் பழைய கணினியின் மதர்போர்டு போய்விட்டது. புதுக் கணினி, புது ஆபரேட்டிங் சிஸ்டம், அதற்கேற்ற புது வெர்ஷன் சாஃப்ட்வேர் என்று எல்லாம் மாறியிருந்தது. பழைய வெர்ஷன் அந்தக் கணினியில் ஏறவே மறுத்தது. ஹார்ட் டிஸ்க்கில் பாட்டின் ஃபைல் மட்டும் பத்திரமாக இருந்தது. திறந்தேன். எல்லா டிராக்கும் வரிசையாக வந்து நின்றன. ஒரே ஒரு டிராக்கின் பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில். ‘பிளக்இன் கிடைக்கவில்லை’ என்று ஒரு சின்ன ஜன்னல்.

அது ஆர்கன் டிராக். பல்லவி முழுக்கக் குரலுக்கு அடியில் ஓடும் ஆர்கன். நான் வாசித்த குறிப்புகள் திரையில் பச்சைப் பச்சையாய்க் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. பிளே அழுத்தினால் கோடு அவற்றின் மேல் நகர்ந்து போகிறது. சத்தம் மட்டும் இல்லை. அந்த ஆர்கனைச் செய்தவர் ஒரு தனி மனிதர். இலவசமாகக் கொடுத்திருந்தார். 32 பிட் என்ற பழைய கணினி முறையில் மட்டுமே செய்திருந்தார். அவருடைய இணையதளம் இப்போது இல்லை.

என்னிடம் வேறு ஆர்கன் பிளக்இன்கள் இருக்கின்றன. அதைவிட விலை கூடியவை, நன்றாகச் செய்யப்பட்டவை. அவற்றில் ஒன்றைப் போட்டு, ஒலியின் நிறத்தை மாற்றும் டிராபார் என்ற இழுப்புக் கட்டைகளை இழுத்து இழுத்துப் பார்த்தேன். நிறம் கிட்டத்தட்ட வந்துவிட்டது. வராதது சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடம். அங்கே சுழலும் ஸ்பீக்கரின் வேகம் மெதுவிலிருந்து அதிகத்துக்கு மாறும். பழைய பிளக்இனில் அந்த வேகம் தயங்கித் தயங்கி ஏறும். பாடகி மூச்சு எடுக்கும் இடத்தில் சரியாக உச்சத்தைத் தொடும். அந்த ஏற்றத்தைக் கேட்டுக்கொண்டேதான் அவர் அன்று அந்த வரியைப் பாடினார். புது ஆர்கனில் வேகம் டக்கென்று ஏறி நின்றுவிடுகிறது. வேகம் தானாக மாறும்படி எத்தனை விதமாக ஆட்டோமேஷன் போட்டாலும் அந்தத் தயக்கம் வரவில்லை. அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அண்ணா, பாட்டு நம்ம பாட்டுதான். ஆனா வேற யாரோ வாசிச்ச மாதிரி இருக்கே.”

கடைசியில் என் நண்பர் ஒருவரிடம் இணைய இணைப்பே இல்லாமல் வைத்திருந்த பழைய கணினி ஒன்று கிடைத்தது. அதில் பழைய வெர்ஷனும் இருந்தது, அந்த ஆர்கனின் ஃபைலும் இருந்தது. இன்ஸ்டால் செய்யத் தேவையில்லாத, எடுத்துப் போட்டால் ஓடுகிற ஒற்றை ஃபைல். என் பாட்டை அதில் திறந்தபோது சாம்பல் நிறத்தில் இருந்த பெயர் வெள்ளையாயிற்று. முதல் வேலையாக ஆர்கனை அரைக்கட்டை இறக்கி ஒருமுறை, பழைய சுருதியிலேயே ஒருமுறை என்று ஒலியாக எடுத்துக்கொண்டு வந்தேன். நண்பர் அந்தக் கணினியை எடைக்குப் போட்டிருந்தால் அந்தப் பாட்டு அதோடு போயிருக்கும்.

இதற்கெல்லாம் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 32 பிட் சாஃப்ட்வேரால் 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தைக் கையாள முடியாது. விண்டோஸில் வழக்கமாகக் கிடைத்தது அதிலும் பாதிதான். ஒரு நல்ல பியானோவின் சாம்பிள்கள், ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா என்று ஏற்ற ஆரம்பித்தால் அது எந்த மூலைக்கு? அதனால் 64 பிட்டுக்குப் போனார்கள். 64 பிட் சாஃப்ட்வேருக்குள் 32 பிட் பிளக்இனை நேரடியாகப் பொருத்த முடியாது; நடுவில் பாலம் போல ஒரு தனி புரோகிராம் ஓட வேண்டும். அந்தப் பாலம் அடிக்கடி சிக்கும், முழு சாஃப்ட்வேரையும் கவிழ்க்கும். அதைக் காலம் முழுக்கப் பராமரிக்க நிறுவனங்கள் விரும்பவில்லை. 2013-ல் லாஜிக் புரோ எக்ஸ் என்ற பாட்டு உருவாக்கும் சாஃப்ட்வேர் 32 பிட் பிளக்இன்களைக் கைவிட்டது. அதே ஆண்டில் புரோ டூல்ஸ் 11 என்ற இன்னொரு சாஃப்ட்வேர் தன் பழைய பிளக்இன் வடிவங்களான ஆர்.டி.ஏ.எஸ்., டி.டி.எம். இரண்டையும் விட்டு ஏ.ஏ.எக்ஸ். என்ற புது வடிவத்துக்கு முழுதாக மாறியது. 2016 இறுதியில் கியூபேஸ் 9, 2018-ல் ஏபிள்டன் லைவ் 10 ஆகிய சாஃப்ட்வேர்களும் 32 பிட் பிளக்இன்களைக் கைவிட்டன. 2019-ல் வந்த மேக் ஆபரேட்டிங் சிஸ்டமான காட்டலினாவில் 32 பிட் புரோகிராம் எதுவுமே ஓடாது என்றாகிவிட்டது.

இந்த மாற்றத்தில் பெரிய நிறுவனங்கள் தங்கள் பிளக்இன்களைத் திருத்தி வெளியிட்டுவிட்டன. அடிபட்டவை சின்னவர்கள் செய்தவை. 2000-களில் சிந்த்எடிட் போன்ற கருவிகளை வைத்து, புரோகிராமிங் படிக்காத இசைக்கலைஞர்கள்கூடத் தங்களுக்குத் தோன்றிய சத்தத்தைச் சொந்தமாக ஒரு பிளக்இனாகச் செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். அந்தக் கருவி வெகுகாலம் 32 பிட்டில்தான் இருந்தது. ஆகவே அந்தத் தலைமுறைப் பிளக்இன்களில் பெரும்பகுதி அப்படியே நின்றுவிட்டது. பணமில்லாமல் இசையமைக்க வந்த பிள்ளைகள் அவற்றை வைத்துத்தான் தொழில் கற்றார்கள். அவர்களுடைய முதல் பாடல்கள்தான் இன்று திறக்க மறுக்கின்றன. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

விரும்பினால் வேறு வழியும் உண்டு என்பதற்குச் சாட்சி இருக்கிறது. ரீப்பர் என்ற சாஃப்ட்வேர் விண்டோஸில் 32 பிட் பிளக்இன்களைத் தனிப் பாலம் போட்டு இன்றும் ஓட்டுகிறது. எஃப்.எல். ஸ்டுடியோ என்ற சாஃப்ட்வேரும் அப்படித்தான். பாலம் சிக்கினால் அந்தப் பிளக்இன் மட்டும் நிற்கும்படி செய்ய முடியும் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள்.

32 பிட் விஷயத்தில் தொழில்நுட்பக் கட்டாயம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அடுத்து வந்ததில் அது அவ்வளவாக இல்லை. பிளக்இன்களுக்கான வி.எஸ்.டி. என்ற பொதுவடிவத்தை, கியூபேஸைத் தயாரிக்கும் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-ல் கொண்டுவந்தது. அதன் இரண்டாம் பதிப்பில்தான் உலகத்தின் பெரும்பாலான பிளக்இன்கள் எழுதப்பட்டன. மூன்றாம் பதிப்பு 2008-ல் வந்தது. 2018 அக்டோபரோடு இரண்டாம் பதிப்புக்குப் புதிதாக உரிமம் கொடுப்பதை நிறுத்தினார்கள். 2022 ஜனவரியில், 24 மாதங்களுக்குள் தங்கள் சாஃப்ட்வேர்களில் அதற்கான ஆதரவையும் நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். முன்கூட்டிச் சொன்னது நல்லதுதான். அதை நான் மதிக்கிறேன். ஆனால் இங்கே 64 பிட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பிளக்இன்களும் வெளியே போகின்றன. பழைய பதிப்பின் இடத்தில் புதுப் பதிப்பு தானாகவே வந்து உட்கார்ந்து பழைய அமைப்புகளை எடுத்துக்கொள்ள வி.எஸ்.டி. 3-ல் வழி வைத்திருக்கிறார்கள். பிளக்இன் தயாரிப்பாளர் அதை எழுதியிருந்தால் பழைய பாட்டு சிக்கலில்லாமல் திறக்கும். எழுதாமல் புதுப் பிளக்இனாகவே வெளியிட்டவர்களும் உண்டு. அப்போது பெயர் ஒன்றுதான், நிறுவனம் ஒன்றுதான், பழைய பாட்டில் மட்டும் அதே சாம்பல் நிறம்.

மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கெடு நெருங்குகிறது. 2020 இறுதியில் ஆப்பிள் தன் சொந்தச் சிப்புக்கு மாறியபோது, இன்டெல் சிப்புக்காக எழுதிய புரோகிராம்களை ஓட்ட ரொசெட்டா 2 என்ற மொழிபெயர்ப்பு ஏற்பாட்டைக் கொடுத்தது. பழைய பிளக்இன்களுக்காகவே தங்கள் முழு சாஃப்ட்வேரையும் ரொசெட்டாவில் ஓட்டுபவர்கள் எங்கள் துறையில் நிறையப் பேர். அந்த ஏற்பாடு மேக் ஓ.எஸ். 27 வரைதான் முழுமையாக இருக்கும் என்று 2025-ல் ஆப்பிள் அறிவித்துவிட்டது. இதைப் படிக்கும் இசைக்காரர்கள் யாராவது அந்த வழியில் வேலை செய்துகொண்டிருந்தால், பழைய பாடல்களை ஒலியாக எடுத்துவைக்கும் வேலையை இந்த மாதமே தொடங்குங்கள்.

லைசென்ஸ் விவகாரத்துக்கு வருகிறேன். இது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. நான் பணம் கொடுத்து வாங்கிய, ஒலியின் ஏற்றத்தாழ்வைச் சமன் செய்யும் ஒரு கம்ப்ரெஸ்ஸர் பிளக்இன். 64 பிட், நல்ல நிலையில் உள்ளது, புது சாஃப்ட்வேரிலும் ஓடக்கூடியது. ஆனால் புதுக் கணினியில் இன்ஸ்டால் செய்தால் நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொண்டு அனுமதி வாங்க வேண்டும். அந்த நிறுவனம் கைமாறிவிட்டது, சர்வர் பதில் சொல்வதில்லை. வாங்கிய ரசீது என் மின்னஞ்சலில் இருக்கிறது, இன்ஸ்டாலர் என் டிஸ்க்கில் இருக்கிறது, சீரியல் நம்பர் இருக்கிறது. அனுமதி கொடுக்கத்தான் ஆளில்லை. புதிதாக வாங்கிய நிறுவனத்துக்கு எழுதினேன். ‘அந்தத் தயாரிப்புக்கு இப்போது ஆதரவு இல்லை’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. எனக்கு ஆதரவு வேண்டாம். நான் வாங்கியதைத் திறந்துகொள்ள விட்டால் போதும்.

நிறுவனங்கள் மூடுவதும் விற்பதும் நடக்கத்தான் செய்யும். கேமல் ஆடியோ நிறுவனத்தை 2015-ல் ஆப்பிள் வாங்கியது; அதன் ஆல்கெமி சிந்தசைசர் லாஜிக்கின் ஒரு பகுதியாகிவிட்டது; விண்டோஸில் அதை வைத்திருந்தவர்களுக்கு அத்துடன் புது வெர்ஷன் இல்லை என்றாகிவிட்டது. சாஃப்ட்வேர்களை ஒன்றோடொன்று இணைத்து ஓட்ட உதவிய ரீவயர் 2020 இறுதியோடு நிறுத்தப்பட்டது. லைசென்ஸைச் சரிபார்க்கும் ஸ்டைன்பெர்க்கின் பழைய இ-லைசென்ஸர் சேவை 2025 மே மாதம் மூடப்பட்டது. வியாபாரக் காரணங்கள் ஆயிரம் இருக்கலாம். அவற்றில் தலையிட எனக்கு உரிமை இல்லை. நான் கேட்பது ஒன்றுதான்: ஒரு பிளக்இனைக் கைவிட முடிவு செய்தால், கடைசியாக ஒரு வெர்ஷன் வெளியிடுங்கள், அதில் சர்வர் அனுமதி வேண்டாம். பணம் கொடுத்தவர்களுக்கு அதை அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்துங்கள். இப்படிச் செய்வதால் போட்டியாளருக்கு எந்த ரகசியமும் போய்விடாது. விற்பனையும் குறையாது, ஏனென்றால் விற்பனையே இல்லை.

அப்கிரேடு விற்கும் பக்கத்தில் புது வசதிகளைப் பக்கம் பக்கமாகப் போடுகிறார்கள். எது இனி ஓடாது என்பது வேறெங்கோ, உதவிப் பக்கங்களின் ஆழத்தில், ‘அறியப்பட்ட மாற்றங்கள்’ என்ற தலைப்பில் கிடக்கிறது. அது பணம் கட்டும் பட்டனுக்கு மேலேயே இருக்க வேண்டும். இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே கணினியில் உள்ள பிளக்இன்களைச் சோதித்து, ‘இவை புது வெர்ஷனில் திறக்காது’ என்று பட்டியல் காட்டுவது அவர்களுக்குக் கடினமான வேலை இல்லை. ஒவ்வொரு முறை சாஃப்ட்வேரைத் திறக்கும்போதும் பிளக்இன்களை அது ஸ்கேன் செய்யத்தான் செய்கிறது.

இந்தத் துறையிலேயே நாற்பது வருடத்துக்கு மேல் நின்ற ஒன்றும் இருக்கிறது. 1983-ல், மின்னணு வாத்தியங்கள் ஒன்றோடொன்று ஸ்வரக் குறிப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் மிடி என்ற முறையை, ஒருவரோடொருவர் போட்டியிட்ட கீபோர்டு நிறுவனங்கள் கூடி ஏற்றுக்கொண்டன. அந்தக் கால கீபோர்டை இன்றைய கணினியோடு இணைத்து இப்போதும் வாசிக்க முடிகிறது. 1991-ல் வந்த வேவ் என்ற ஒலி ஃபைலை இன்று எந்த சாஃப்ட்வேரும் திறக்கும். எல்லோருக்கும் பொதுவாக வைத்தவை பிழைத்தன. இந்த வழியில் மறுபடியும் சில முயற்சிகள் நடப்பது நம்பிக்கை தருகிறது. 2022-ல் பிட்விக், யூ-ஹீ என்ற இரண்டு நிறுவனங்கள் கிளாப் என்ற திறந்த பிளக்இன் வடிவத்தை வெளியிட்டன. அதற்கு யாருடைய உரிமமும் வாங்க வேண்டியதில்லை. 2023-ல் பிட்விக்கும் பிரிசோனஸும் சேர்ந்து, ஒரு சாஃப்ட்வேரில் செய்த பாட்டை இன்னொன்றில் திறக்க டா-ப்ராஜெக்ட் என்ற திறந்த ஃபைல் வடிவத்தைக் கொண்டுவந்தன. 2025-ல் ஸ்டைன்பெர்க்கே வி.எஸ்.டி. 3-ஐத் திறந்த உரிமத்தில் வெளியிட்டிருக்கிறது. இவை இனி வரும் பாடல்களைக் காப்பாற்றும்.

ஏற்கனவே செய்த பாடல்களை நாம்தான் காப்பாற்ற வேண்டும். புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும்போது நான் சொல்வது இதுதான். பாட்டு முடிந்து மாஸ்டர் போன அன்றே உட்கார்ந்து ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலாக எடுங்கள். எல்லாம் முதல் பாரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்போதுதான் எந்த சாஃப்ட்வேரில் இறக்கினாலும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தும். 24 பிட் போதும். எஃபெக்ட்டோடு ஒருமுறை, எஃபெக்ட் இல்லாமல் ஒருமுறை. ரீவெர்ப் எனப்படும் எதிரொலி, பல டிராக்குகளுக்குப் பொதுவான ஓர் அனுப்பு டிராக்கில் இருந்தால் அதையும் தனியாக எடுங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிளக்இனில் வாசித்த டிராக்குகளின் மிடி ஃபைலும் கூடவே இருக்கட்டும். ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் டெம்போ, சுருதி, சாம்பிள் ரேட், பயன்படுத்திய பிளக்இன்கள், அவற்றின் வெர்ஷன் எண்கள். முக்கியமான பிளக்இனின் திரையை ஒரு படம் பிடித்துப் போடுங்கள்; குமிழ்கள் எந்த இடத்தில் நின்றன என்று தெரிந்தால் வேறொரு பிளக்இனில் கிட்டத்தட்டவாவது திரும்பக் கொண்டுவரலாம். பிளக்இனின் ஒலியைத் தற்காலிகமாகப் பதிந்துவைக்கும் ஃப்ரீஸ் பட்டனை அழுத்திவிட்டேன், போதாதா என்று கேட்கிறார்கள். ஃப்ரீஸ் செய்த ஒலி அந்த சாஃப்ட்வேரின் சொந்த ஃபோல்டருக்குள், அதற்குப் புரியும் பெயரில் கிடக்கும். அதை நம்பிப் பாட்டை விட்டுவைக்காதீர்கள்.

அப்கிரேடு செய்யும்போது பழைய வெர்ஷனை அழிக்காமல் புதியதைப் பக்கத்திலேயே இன்ஸ்டால் செய்ய முடிகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் முடியும். அதற்கு முன் டிஸ்க்கை முழுதாக நகல் எடுங்கள். பாதியில் நிற்கும் பாட்டு எதுவும் இருந்தால் அது முடியும்வரை எதையும் தொடாதீர்கள். இன்ஸ்டாலர்களை ஒரு வெளி டிஸ்க்கில் சேர்த்து வையுங்கள், இலவசமானவற்றைக் குறிப்பாக. அவற்றைச் செய்தவரின் இணையதளம் நாளை இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. பழைய கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் இணைய இணைப்பை எடுத்துவிட்டு ஒரு மூலையில் வைத்திருங்கள். அதன்பின் உங்கள் நாளிதழின் பாதுகாப்பு அறிவுரையையும் அது மீறாது.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்துக்கு எங்கள் துறையில் நிறைய வாசகர்கள் உண்டு. அடுத்த முறை அப்டேட் பற்றி எழுதும்போது, இசையமைப்பாளர்களும் ஒலிப்பதிவாளர்களும் பட்டனை அழுத்துமுன் பழைய பாடல்களை ஒலியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு வரி சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சாஃப்ட்வேர் நிறுவனங்களின் அதிகாரிகளை உங்கள் நிருபர்கள் பேட்டி காணும் வாய்ப்பு வந்தால், கைவிட்ட பிளக்இன்களுக்கு அனுமதி தேவைப்படாத கடைசி வெர்ஷனை ஏன் கொடுப்பதில்லை என்று அவர்களிடம் கேட்டு, பதிலை அச்சிடுங்கள். தனி ஆளாக நான் கேட்டபோது கிடைத்தது ஒற்றை வரி. நாளிதழ் கேட்டால் கொஞ்சம் கூடுதலாகவே சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஒலிப்பதிவுக் கலைஞன்